வயிற்றில் நன்றாக இருந்த இதயம், பிறந்த பிறகு ஏன் தடித்தது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வாரம் ஆகிறது. கர்ப்பமாக இருந்தபோது இரண்டு முறை ஸ்கேன் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரமே கூப்பிட்டு, கொழுப்பை எரிக்கிற என்சைம் ஒன்று குறைவு, வி.எல்.சி.ஏ.டி. குறைபாடு என்றார்கள். மரபணுப் பரிசோதனையிலும் அதுவே வந்தது. ஐந்தாவது வாரம் எக்கோ எடுத்தபோது இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருந்ததாம். இப்போது தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, அவர்கள் எழுதித் தந்த பால் பவுடரைக் கொடுக்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுப்பி. பத்து மாதம் வயிற்றில் நன்றாக இருந்த குழந்தைக்கு வெளியே வந்ததும் எப்படி இப்படி ஆகும்? என் பால்தான் கெடுத்துவிட்டது என்று வீட்டில் பேசுகிறார்கள். அசந்து தூங்குகிறவனை எழுப்ப மனசு வரவில்லை. ஒரு தடவை விட்டால் என்ன ஆகும்? கொழுப்பு எரிவதைத் தடுத்தால் இதயம் தானாகவே வளர்ந்து சரியாகிறது என்று எலியில் கண்டுபிடித்திருப்பதாக என் தம்பி காட்டினான். அப்படியென்றால் இந்தக் குறை ஒரு விதத்தில் நல்லதுதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் பேசுகிற பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பால் எதையும் கெடுக்கவில்லை. உங்கள் மகனின் குறை அவன் கருவான அன்றே அவனோடு இருந்தது. நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாதது, பிரசவம் நடந்த விதம், கொடுத்த பால், இவற்றில் எதுவும் அதை உண்டாக்கவில்லை. நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கு ஒன்றாக, பழுதான ஒரு மரபணுப் பிரதியை உங்களுக்கே தெரியாமல் சுமந்துகொண்டிருந்தீர்கள். இன்னொரு பிரதி சரியாக இருந்ததால் உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு அந்த இரண்டு பழுதான பிரதிகளும் வந்து சேர்ந்துவிட்டன.

அப்படியானால் வயிற்றில் இருந்தபோது ஏன் ஒன்றும் தெரியவில்லை? நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது எதற்காக எழுந்திருக்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கருவின் இதயம் நான்காவது வாரத்தில் துடிக்க ஆரம்பிக்கிறது. அதன் பிறகு அதற்கு ஓய்வே கிடையாது. உங்கள் மகனின் இதயம் நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் துடிப்பு. அவ்வளவு வேலை செய்கிற இதயத்திடம் கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏ.டி.பி. என்கிற சக்திக் காசு அதனிடம் சில நொடிகளுக்குத்தான் தேறும். வருவதை அப்போதைக்கப்போது எரித்துக் காசாக்கிச் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எந்த எரிபொருள் வருகிறது, அதை எரிக்கத் தெரியுமா என்பது இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் வாழ்வா சாவா என்கிற விஷயம்.

வயிற்றுக்குள் அந்த எரிபொருள் சர்க்கரை. நஞ்சுக்கொடி வழியாக உங்கள் ரத்தத்துக் குளுக்கோஸ் இரவும் பகலும் நிற்காமல் அவனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதோடு லாக்டேட் என்று ஒன்று உண்டு. கடுமையாக ஓடினால் தசையில் சேருமே, அதேதான். பெரியவர்கள் அதை ஏதோ கழிவு என்று நினைக்கிறோம். நஞ்சுக்கொடி அதைத் தயாரித்துக் கருவுக்கு அனுப்புகிறது, கருவின் இதயம் அதை ஆசையாக எரிக்கிறது. கொழுப்பும் கொஞ்சம் போகும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி தோலுக்கடியில் சேமிப்பாகவும் மூளை வளர்ச்சிக்கும் போய்விடும். இதயம் அதை நம்பி இருப்பதில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு. கருவின் இடது இதயத்திலிருந்து புறப்படும் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சுமார் 65 சதவீதம்தான். உங்களுக்கோ எனக்கோ அந்த அளவு வந்தால் ஐ.சி.யு.வில்தான் இருப்போம். அவ்வளவு குறைந்த காற்றில் கொழுப்பை எரிப்பது கட்டுப்படியாகாது. வைக்கோலையும் கட்டை விறகையும் நினைத்துப் பாருங்கள். வைக்கோல் உடனே பற்றும், சீக்கிரம் அணைந்தும் போகும். கட்டைக்கு நல்ல காற்று வேண்டும். பிடித்துவிட்டால் நின்று எரியும். குளுக்கோஸ் ஒரு மூலக்கூறை ஆக்சிஜனே இல்லாமல் உடைத்தாலும் 2 ஏ.டி.பி. கிடைத்துவிடும், ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் 30, 32 வரை போகும். பால்மிடிக் அமிலம் என்கிற ஒரு கொழுப்பு மூலக்கூறு 106 தரும், ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் அதிலிருந்து ஒன்றுகூடக் கிடைக்காது. கருவின் இதயம் வைக்கோல் அடுப்பு. அது அங்கே சரியான அடுப்பு.

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கோலைக் குவித்தும் வைத்திருக்கும். கருவின் இதயத்தசைச் செல்லுக்குள் கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு செல்லின் கொள்ளளவில் சுமார் 30 சதவீதம் வரை இருக்கும்; பெரியவர்களின் இதயத்தில் அது 2 சதவீதம்தான். பிரசவ வலியின்போது கருப்பை ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் ஆக்சிஜன் கொஞ்சம் குறையும். அதைத் தாங்கிக்கொள்ள இந்தச் சேமிப்பு பெரிய துணை. ஆட்டுக்குட்டிகளும் பிற விலங்குக் குட்டிகளும், இதயத்தில் கிளைக்கோஜன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நேரம் மூச்சில்லாமல் தாங்குகின்றன என்று 1959-லேயே காட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது குழந்தை பிறக்கிறது. தொப்புள்கொடியைக் கவ்விப் பிடித்து வெட்டுகிறார்கள். அந்த நொடியில் சர்க்கரைக் குழாய் நின்றுவிட்டது. குழந்தை அழுகிறது, நுரையீரல் விரிகிறது, பத்து நிமிடத்துக்குள் ஆக்சிஜன் அளவு 85 முதல் 95 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. இத்தனை நாள் சர்க்கரை தாராளமாக, காற்று குறைவாக; இப்போது காற்று தாராளமாக, சர்க்கரை குறைவாக. எல்லாம் தலைகீழ். உடம்பும் அதற்கேற்ப உத்தரவுகளை மாற்றிக்கொள்கிறது. சேமிக்கச் சொல்லும் இன்சுலின் இறங்குகிறது, சேமிப்பை எடுக்கச் சொல்லும் குளுக்ககான் என்கிற ஹார்மோன் ஏறுகிறது, தோலுக்கடியில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. அப்புறம் பால். தாய்ப்பாலின் சக்தியில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

செல்லுக்குள் கொழுப்பை எரிக்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா. அதன் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. நீளமான கொழுப்பு அமிலம், கார்னிட்டின் என்கிற துணையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கதவைத் தாண்ட முடியும். பிறப்பதற்கு முன்பு மலோனைல் கோ-ஏ என்கிற ஒரு பொருள் அந்தக் கதவை அழுத்திப் பிடித்திருக்கும். பிறந்த பிறகு அது குறைகிறது, கதவு திறக்கிறது. கூடவே கொழுப்பை எரிக்கும் என்சைம்களைத் தயாரிக்கும் மரபணுக்களும் விழிக்கின்றன, மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரி லோபாஷுக்கின் குழு 1991-ல் முயல்குட்டிகளின் இதயத்தில் இதை அளந்து பார்த்தது. பிறந்த முதல் நாளில் ஏ.டி.பி.யில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, சர்க்கரையை வெறுமனே உடைப்பதிலிருந்து வந்தது. ஏழாவது நாள் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது, கொழுப்பின் பங்கு நன்றாக ஏறிவிட்டது. மனிதக் குழந்தைக்கும் போகும் பாதை இதேதான். வளர்ந்த மனிதரின் இதயம் தன் சக்தியில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து எடுக்கிறது.

உங்கள் மகனின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. அவனுக்கு வாசல் கதவு சரியாகத் திறந்தது. கொழுப்பு உள்ளே வந்தது. உள்ளே அந்த நீளமான சங்கிலியை இரண்டிரண்டு கண்ணியாக நறுக்க வேண்டும். நறுக்குகிற வேலையின் முதல் படியில் நிற்கிற ஆள்தான் வி.எல்.சி.ஏ.டி. அந்த ஆள் இல்லை, அல்லது மிகவும் பலவீனம். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு கெடுதல். இதயத்துக்கு வர வேண்டிய சக்தி வரவில்லை. எரியாமல் நின்ற கொழுப்பு, கார்னிட்டினோடு ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் தேங்கியது. இப்படித் தேங்குவது தசையைத் தடிக்க வைக்கும், சமயத்தில் துடிப்பின் தாளத்தையும் கலைக்கும். குதிகாலில் எடுத்த ரத்தப் பொட்டில் அவர்கள் பார்த்ததும், அப்படித் தேங்கி வழிந்து ரத்தத்துக்கு வந்த பொருளைத்தான்.

ஆக, ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு, வயிற்றில் கருவியை வைத்து, நான்கு அறைகளையும் வால்வுகளையும் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஸ்கேன் இதயத்தின் கட்டடத்தைக் காட்டும். அது பிறகு என்ன எரிபொருளில் ஓடப் போகிறது, அதற்கான என்சைம் இருக்கிறதா என்பதைக் காட்டாது. கொழுப்பைப் பெரிதாக நம்பாத வயதில் கொழுப்பை எரிக்க முடியாத குறை வெளியே தெரிய வாய்ப்பும் குறைவு.

இப்போது தாய்ப்பால் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். இந்தக் குறை இருக்கிற குழந்தைக்கு நீளமான கொழுப்பு பாரம். தாய்ப்பாலில் அது நிறைய இருக்கிறது. அதனால்தான் நிறுத்தச் சொன்னார்கள், அது சரியான முடிவு. ஆனால் நீங்கள் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பசியில் அவன் உடம்பில் சேர்ந்த கொழுப்பே கரைந்து வந்து இதே இடத்தில்தான் தேங்கியிருக்கும், இன்னும் வேகமாக. சொல்லப்போனால், குறை என்னவென்று தெரியாத அந்த நாட்களில் நீங்கள் அவனை வெறும் வயிற்றோடு விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்தது அவனுக்குக் காவலாக இருந்தது. இதை வீட்டில் பேசுகிறவர்களிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் இப்போது கரைக்கிற பால் பவுடரில் நீளமான கொழுப்பு குறைவு, நடுத்தர நீளக் கொழுப்பு அதிகம். நடுத்தர நீளக் கொழுப்புக்கு அந்த வாசலில் கார்னிட்டின் துணை பெரும்பாலும் தேவையில்லை, வி.எல்.சி.ஏ.டி.யும் தேவையில்லை, அதை நறுக்க வேறொரு என்சைம் இருக்கிறது, உங்கள் மகனிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. கல்லீரல் அதைக் கீட்டோன் என்கிற வேறொரு எரிபொருளாகவும் மாற்றி அனுப்பும், இதயம் அதையும் எரித்துக்கொள்ளும். அடைபட்ட தெருவைச் சுற்றி இன்னொரு தெரு வழியாக வீடு போய்ச் சேருவது மாதிரி. மூளைக்கும் தோலுக்கும் தவிர்க்க முடியாத சில கொழுப்பு அமிலங்களை அளந்து தனியாகச் சேர்க்கச் சொல்வார்கள். அந்த அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதே மாதிரி, கார்னிட்டின் குறைவாம், கடையில் கிடைக்கிறதாம் என்று யாராவது சொன்னால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் குறைபாட்டில் அதைக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. அவனைப் பார்க்கிற மருத்துவர் ரத்த அளவைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஒரு தடவை எழுப்பாமல் விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். ஏழு வாரக் குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு சில மணி நேரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்ததும் உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். உங்கள் மகனுக்கு ஆகாத வேலை அதுதான். நஞ்சுக்கொடி பத்து மாதம் நிற்காமல் செய்த வேலையைத்தான் இப்போது நீங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால் செய்கிறீர்கள். அவன் அசந்து தூங்கும்போது எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முழுதாக விழிக்க வைக்க வேண்டியதில்லை. போர்வையை விலக்கி, டயப்பரை மாற்றி, உள்ளங்காலை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும், அரைத்தூக்கத்திலேயே குடித்துவிடுவான். ஒரு ராத்திரி வேளையைக் கண்டிப்பாக உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். பவுடரை அளந்து கரைப்பது தாய்க்கு மட்டுமே தெரிந்த வித்தை இல்லை. வளர வளர இந்த இடைவெளி நீளும். எப்போது, எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள். அதுவரை நீங்களாக நீட்ட வேண்டாம்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, இரண்டு வேளை சரியாகக் குடிக்காவிட்டாலோ, வழக்கத்தைவிடத் துவண்டு தூங்கினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலும், குடிக்கும்போது வியர்த்துக் கொட்டினாலும் அப்படித்தான், அது இதயத்தின் அறிகுறி. வீட்டில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, நார்மலாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. இந்தக் குறையில் சர்க்கரை இறங்குவது கடைசியில்தான் தெரியலாம். அதற்கு முன்பே இதயமும் தசையும் கஷ்டப்பட ஆரம்பித்திருக்கும். அவசர சிகிச்சைக்குப் போகிற இடத்தில் இருக்கிற மருத்துவர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார், அவ்வளவு அபூர்வம் இது. அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: நோயின் பெயர், உடனே குளுக்கோஸ் டிரிப் போட வேண்டும், நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றக் கூடாது, அழைக்க வேண்டிய எண். அதை போனில் படமாக வைத்துக்கொண்டு, ஒரு நகல் குழந்தையின் பையிலும் போட்டு வையுங்கள்.

உங்கள் தம்பி காட்டிய ஆய்வு உண்மையான ஆய்வுதான், அவன் தேடிப் படித்ததில் எனக்குச் சந்தோஷம். பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதயத்தில் ஒரு துண்டை வெட்டினால் அது திரும்ப வளர்ந்துவிடுகிறது, ஏழு நாளான குட்டியில் வளராமல் தழும்பாகிறது என்று 2011-ல் கண்டார்கள். கவனித்தீர்களா, எரிபொருள் மாறுகிற அதே வாரம். கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது இதயத்தசைச் செல்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு வேலை செய்வதற்கு மட்டும் பக்குவப்படுகின்றன. 2023-ல் இன்னொரு குழு, எலியின் இதயத்தசையில் நான் சொன்ன அந்த வாசல் கதவின் மரபணுவையே எடுத்துவிட்டுப் பார்த்தபோது செல்கள் மறுபடி பெருகின. அருமையான விஷயம்தான். ஆனால் அவர்கள் மூடியது வாசல் கதவை. கொழுப்பு உள்ளேயே வரவில்லை. உங்கள் மகனுக்கு வாசல் திறந்திருக்கிறது, அடைப்பு உள்ளே இருக்கிறது, வந்த கொழுப்பு பாதி வழியில் தேங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. அந்த ஆய்வை நம்பி அவன் உணவில் எதையும் மாற்ற வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

தடித்த சுவர் பழையபடி ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. இந்தக் குறைபாட்டில் வரும் இதயப் பாதிப்பு, சீக்கிரம் கண்டுபிடித்து உணவைச் சரியாக மாற்றினால் திரும்பிச் சீராகக் கூடியது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே வேகத்தில் இல்லை, வாக்குறுதியாகவும் நான் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் ரத்தத்தில் பிடித்து, சுவர் கொஞ்சமாகத் தடித்திருக்கும்போதே சிகிச்சை தொடங்கிய குழந்தை அவன். அடுத்த எக்கோவின்போது சுவரின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், போன முறை எத்தனை, இதயம் சுருங்கும் திறன் எப்படி, சுற்றி நீர் ஏதும் சேர்ந்திருக்கிறதா, ஈ.சி.ஜி.யில் தாளம் சரியா என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு குழந்தைக்கு யோசிக்கும்போது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் இது வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், முன்கூட்டியே மரபணு ஆலோசனைக்குப் போங்கள். தாய்ப்பாலைப் பற்றியும் அன்றைக்கே கேளுங்கள். இதயம் சரியாகும்வரை அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்; ஆனால் குறைபாடு லேசாக இருக்கிற சில குழந்தைகளுக்கு, பின்னால் அளவாகக் கொஞ்சம் தாய்ப்பால் சேர்த்துக்கொள்ள விடுவது உண்டு. அந்த வாய்ப்பு இவனுக்கு இருக்கிறதா, அதுவரை பாலைக் கறந்து சுரப்பை நிற்காமல் வைத்திருக்க வேண்டுமா என்று, வற்றிப் போவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது.